மூட்டுக் குருத்தெலும்பு: செல்களும் அவற்றின் சூழலும்

மூட்டுக் குருத்தெலும்பு என்பது மூட்டில் சந்திக்கும் எலும்புகளின் முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான வெண்ணிற இணைப்புத் திசுவாகும். முழங்காலின் பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். இத்திசுவில் இரத்தக் குழாய்களோ நிணநீர்க் குழாய்களோ நரம்புகளோ இல்லை. ஆயினும் இது பல பத்தாண்டுகள் உடல் எடையைத் தாங்குகிறது. காண்ட்ரோசைட்டு எனப்படும் குருத்தெலும்புச் செல்களும், அவற்றைச் சூழ்ந்துள்ள தளப்பொருளும் ஒன்றையொன்று பேணிக்கொள்வதே இதற்குக் காரணம். செல்கள் தளப்பொருளை உருவாக்குகின்றன. தளப்பொருள் செல்களைக் காக்கிறது; அவை என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவற்றுக்கு உணர்த்துகிறது. இந்த உறவு குலையும்போது மூட்டுத் தேய்மானம் தொடங்குகிறது.

உடலுழைப்பை நம்பி வாழும் பகுதிகளில் இது வாழ்வாதாரம் சார்ந்த செய்தியும் ஆகும். திருவள்ளூர் மாவட்டத்தின் வயல்கள், செங்கல் சூளைகள், பழவேற்காடு ஏரி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஆகிய எல்லா இடங்களிலும் அன்றாடக் கூலியை முழங்கால்களே ஈட்டித் தருகின்றன.

எது குருத்தெலும்பு?

பேச்சுவழக்கில் "ஜவ்வு தேய்ந்துவிட்டது", "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். முழங்காலில் ஜவ்வு என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறது. எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் தசைநார் ஒன்று. தொடை எலும்புக்கும் கணுக்கால் நோக்கிச் செல்லும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையில் பிறை வடிவில் அமைந்த மெனிஸ்கஸ் இன்னொன்று. எலும்பு முனையோடு ஒட்டியிருக்கும் மூட்டுக் குருத்தெலும்பு மூன்றாவது. ஆட்டுக்கால் எலும்பின் நுனியில் பளபளவென்று தெரியும் வெண்ணிறப் பூச்சு இந்த மூன்றாவது வகையே. "தேய்மானம்" என்று மருத்துவர் சொல்வது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். "கிழிந்தது" என்பது பெரும்பாலும் மற்ற இரண்டில் ஒன்றைக் குறிக்கும்.

செல்கள்

வளர்ந்த மனிதரின் மூட்டுக் குருத்தெலும்பில் செல்கள் மொத்தக் கன அளவில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே உள்ளன. அவை தளப்பொருளுக்குள் சிற்றறைகளில் தனித்தனியாகவோ சிறு குழுக்களாகவோ வாழ்கின்றன. வளர்ச்சிப் பருவம் முடிந்தபின் இவை அரிதாகவே பிரிந்து பெருகும். எனவே ஒரு செல் இறந்தால் அதன் இடத்தை நிரப்ப மற்றொன்று வருவது அரிது. ஒவ்வொரு செல்லும் தன்னைச் சுற்றியுள்ள, தன் அளவைவிடப் பல மடங்கு பெரிய பகுதியைத் தனியாகப் பராமரிக்க வேண்டியிருக்கிறது.

இரத்தம் வராத இடம் என்பதால் இங்கே உயிர்வளி மிகக் குறைவு. காண்ட்ரோசைட்டுகள் அதற்குப் பழகியவை. அவை உயிர்வளியைச் சாராத முறையில் குளுக்கோசைச் சிதைத்துத் தமக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியைப் பெறுகின்றன. குறைந்த ஆற்றலில் வாழ்வதால் அவற்றின் வேலையும் மெதுவாகவே நடக்கிறது. குருத்தெலும்பில் ஏற்படும் காயம் தோலில் ஏற்படும் காயத்தைப் போல ஆறுவதில்லை. 1743-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர், சிதைந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று இலண்டன் ராயல் கழகத்துக்கு அளித்த கட்டுரையில் பதிவு செய்தார்.

தளப்பொருள்

பாடநூல்களில் மேட்ரிக்ஸ் எனப்படும் தளப்பொருளில் மூன்று முக்கியக் கூறுகள் உள்ளன.

முதலாவது நீர். குருத்தெலும்பின் எடையில் 65 முதல் 80 விழுக்காடு நீரே.

இரண்டாவது கொலாஜன் இழைகள். இவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இரண்டாம் வகைக் கொலாஜனால் ஆனவை. இவ்விழைகள் எலும்பை ஒட்டிய ஆழ்பகுதியில் செங்குத்தாக எழுந்து, நடுவில் வளைந்து, மேற்பரப்பில் அதற்கு இணையாகப் படுத்திருக்கின்றன. இந்த வளைவு அமைப்பை ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் பென்னிங்ஹாஃப் 1925-இல் விளக்கினார். மேற்பரப்பில் படுத்த இழைகள் உராய்வின் இழுவிசையைத் தாங்குகின்றன. ஆழத்தில் நிற்கும் இழைகள் குருத்தெலும்பை எலும்போடு பிணைக்கின்றன.

மூன்றாவது அக்ரிக்கன் என்னும் பெரிய மூலக்கூறு. இதன் வடிவம் பாட்டில் கழுவும் பிரஷ் போன்றது. நடுத்தண்டு ஒரு புரதம். அதிலிருந்து நீளும் மயிர்கள் காண்ட்ராய்டின் சல்ஃபேட்டு, கெராட்டான் சல்ஃபேட்டு என்னும் சர்க்கரைச் சங்கிலிகள். இத்தகைய பல பிரஷ்கள் ஹையலூரோனிக் அமிலத்தின் நீண்ட இழையில் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. சல்ஃபேட்டுத் தொகுதிகளுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அவை சோடியம் அயனிகளை ஈர்க்க, அயனிகளைத் தொடர்ந்து நீரும் உள்ளே வருகிறது.

ஆகவே அக்ரிக்கன் எப்போதும் உப்பிப் பெருக முயல்கிறது; கொலாஜன் வலை அதைப் பெருக விடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையில் பஞ்சு விரியப் பார்ப்பதும் உறைத்துணி அதை அடக்குவதும் போன்றது இது. உறை கிழிந்தாலும் பஞ்சு குறைந்தாலும் மெத்தை பயன்படாது. குருத்தெலும்பின் உறுதியும் இந்த இரண்டு விசைகளின் சமநிலையால் வருவதுதான்.

இவ்விரு பொருள்களின் ஆயுளில் பெரும் வேறுபாடு உண்டு. அக்ரிக்கனைச் செல்கள் மெல்ல மெல்லப் புதுப்பிக்கின்றன. கொலாஜன் வலை அப்படியன்று. அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கலந்த கார்பன்-14 அளவைக் கொண்டு மனித முழங்கால் குருத்தெலும்பை ஆராய்ந்த டென்மார்க் ஆய்வாளர்கள், வளர்ச்சிப் பருவத்துக்குப் பின் கொலாஜன் ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2016-இல் வெளியிட்டனர். பதின்பருவத்தில் அமைந்த வலையையே ஒருவர் முதுமை வரை பயன்படுத்துகிறார்.

செல்லைச் சுற்றிய உறை

ஒவ்வொரு காண்ட்ரோசைட்டையும் ஒட்டி ஒரு மெல்லிய உறை உள்ளது. இது செல்லருகுத் தளப்பொருள் எனப்படும். பிற பகுதிகளில் அதிகம் காணப்படாத ஆறாம் வகைக் கொலாஜனும் பெர்லிக்கன் என்னும் மூலக்கூறும் இங்கே செறிந்துள்ளன. செல்லும் இந்த உறையும் சேர்ந்த அலகுக்குக் காண்ட்ரான் என்று பெயர். வெளியிலிருந்து வரும் அழுத்தம் இவ்வுறையின் வழியாகவே செல்லை எட்டுகிறது. உறை அந்த அழுத்தத்தைத் தணித்தும் மாற்றியும் செல்லுக்குத் தருகிறது. செல் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகளும் இங்கே சேமித்து வைக்கப்படுகின்றன.

சூழல் இல்லாமல் இச்செல் தன் இயல்பையே இழந்துவிடும். ஆய்வகத்தில் காண்ட்ரோசைட்டுகளைத் தளப்பொருளிலிருந்து பிரித்துத் தட்டையான கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், அவை தட்டையாகிப் படர்ந்து, இரண்டாம் வகைக் கொலாஜனுக்குப் பதிலாகத் தோலிலும் தழும்பிலும் காணப்படும் முதல் வகைக் கொலாஜனைச் செய்யத் தொடங்குகின்றன. அதே செல்களை முப்பரிமாண அகரோஸ் கூழில் வைத்தபோது மீண்டும் உருண்டு, குருத்தெலும்புச் செல்களாகவே நடந்துகொண்டன. பென்யா, ஷாஃபர் ஆகியோர் 1982-இல் காட்டிய இந்த முடிவு, பின்னர் வந்த குருத்தெலும்பு மருத்துவ முயற்சிகளுக்கு வழிகாட்டியது.

சுமையும் உணவும்

இரத்தம் வராத திசுவுக்கு உணவு மூட்டுநீரிலிருந்தே வருகிறது. சைனோவியல் திரவம் எனப்படும் இந்நீரை மூட்டு உறையின் உட்படலம் சுரக்கிறது. குளுக்கோசும் உயிர்வளியும் அதிலிருந்து குருத்தெலும்புக்குள் ஊடுருவிச் செல்கின்றன. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் குருத்தெலும்பு சற்றே அமுங்கி நீரை வெளியேற்றுகிறது. கால் தூக்கப்படும்போது நீர் மீண்டும் உள்ளே வருகிறது. இந்த நீரோட்டம் உணவு உள்ளே செல்லவும் கழிவு வெளியேறவும் துணைசெய்கிறது.

நீர் இன்னொரு பணியும் செய்கிறது. குருத்தெலும்பின் நுண்துளைகள் மிகச் சிறியவை. திடீரென்று சுமை விழும்போது நீர் உடனே வெளியேற முடியாமல் உள்ளேயே அழுத்தமடைந்து, சுமையின் பெரும்பகுதியைத் தானே தாங்கிக்கொள்கிறது. திண்மப் பகுதியும் நீரும் சேர்ந்து சுமையைப் பகிர்வதை வான் மோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1980-இல் கணித முறையில் விளக்கினர். சுமை நெடுநேரம் விலகாமல் அப்படியே நீடித்தால் நிலைமை மாறும். நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வெளியேற, சுமை கொலாஜன் வலையின் மீதும் செல்களின் மீதும் இறங்குகிறது.

செல்களும் இந்த வேறுபாட்டை உணர்கின்றன. செல்படலத்தில் உள்ள டி.ஆர்.பி.வி.4, பியட்சோ1, பியட்சோ2 ஆகிய அயனி வாயில்கள் அழுத்தத்துக்கும் நீட்சிக்கும் ஏற்பத் திறக்கின்றன. பியட்சோ வாயில்களை 2010-இல் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன், டேவிட் ஜூலியசுடன் சேர்ந்து 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார். மிதமான, விட்டுவிட்டு வரும் அழுத்தம் அக்ரிக்கன் உற்பத்தியைத் தூண்டுகிறது. நீடித்து நிற்கும் அழுத்தம் அதைக் குறைக்கிறது. மிகக் கடுமையான தாக்கம் செல்களைக் கொல்கிறது. சுமையே இல்லாத நிலையும் நல்லதன்று: தண்டுவடக் காயத்தால் கால் இயக்கம் இழந்தவர்களின் முழங்கால் குருத்தெலும்பு மெலிவதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியுள்ளன.

மூட்டுக்குத் தேவையானது சுமையும் ஓய்வும் மாறிமாறி வருவதே என்பது இவற்றிலிருந்து தெளிவாகும்.

உயவு

"மூட்டில் கிரீஸ் தீர்ந்துவிட்டது" என்று சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. மூட்டுநீரில் உள்ள ஹையலூரோனிக் அமிலம் அதற்குப் பசபசப்பைத் தருகிறது. லூப்ரிசின் என்னும் புரதம் குருத்தெலும்பின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு உராய்வைக் குறைக்கிறது. மேலடுக்கில் உள்ள காண்ட்ரோசைட்டுகளும் லூப்ரிசினைச் சுரக்கின்றன. ஆனால் ஆலையில் பேரிங்குக்குக் கிரீஸ் அடிப்பதைப்போல இதை வெளியிலிருந்து நிரப்பி வேலையை முடித்துவிட இயலாது. பேரிங் தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். மூட்டில் உயவுப் பொருளைச் செய்வதும் உயவு தேவைப்படுவதும் ஒரே திசு.

சமநிலை குலைதல்

நலமான குருத்தெலும்பில் செல்கள் ஆக்கும் அளவும் அழிக்கும் அளவும் ஈடாக இருக்கும். பழைய அக்ரிக்கனை வெட்டி அகற்ற ஆடம்ட்ஸ்-4, ஆடம்ட்ஸ்-5 போன்ற நொதிகள் உள்ளன. காயம், அதிக எடை, அழற்சி, முதுமை ஆகியவற்றால் இந்நொதிகள் பெருகும்போது ஆக்கத்தைவிட அழிவு மிகுகிறது. இன்டர்லியூக்கின்-1, டி.என்.எஃப்.-ஆல்ஃபா ஆகிய அழற்சிப் புரதங்கள் இதைத் தூண்டுகின்றன. அக்ரிக்கன் குறைந்தால் குருத்தெலும்பு மென்மையாகிறது. அக்ரிக்கன் காவல் இழந்த கொலாஜனை எம்.எம்.பி.-13 என்னும் நொதி வெட்டுகிறது. அக்ரிக்கன் இழப்பு ஓரளவு மீளக்கூடியது. கொலாஜன் வலை அறுந்தபின் மீட்சி அரிது.

சிதைந்த துணுக்குகள் மூட்டின் உட்படலத்தை எரிச்சலூட்ட, அங்கிருந்து மேலும் அழற்சிப் புரதங்கள் வருகின்றன. எலும்பு விளிம்புகளில் முட்கள் வளர்கின்றன. குருத்தெலும்பில் நரம்பு இல்லாததால் தொடக்கத்தில் வலி தெரிவதில்லை. வலி, நரம்புள்ள உட்படலமும் எலும்பும் பாதிக்கப்படும்போதுதான் வருகிறது. எனவே வலி வந்த நாளை நோயின் முதல் நாளாகக் கொள்ள முடியாது.

இந்தியாவில் ஐந்து இடங்களில், 40 வயதைக் கடந்தோரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, 28.7 விழுக்காட்டினருக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதாகக் கண்டது.

உழைப்பும் முழங்காலும்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. இங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்துக்குச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும், சென்னையிலிருந்து புறநகர் மின்ரயிலிலும், வடமாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வருகின்றனர். இரும்பு, எஃகு சார்ந்த ஆலைகள் இங்கே குறிப்பிடத்தக்க அளவில் உள்ளன. இயந்திரத்தின் முன் கான்கிரீட் தரையில் ஷிப்டு முழுவதும் நிற்பதும், கிடங்கில் சுமை ஏற்றி இறக்குவதும் இத்தகைய வேலைகளின் இயல்பு.

மாவட்டத்தின் பிற தொழில்கள் முழங்காலை வேறு வகைகளில் பயன்படுத்துகின்றன. செங்கல் சூளைகளில் கல் அறுப்பவர்கள் குந்தியபடியே மணிக்கணக்கில் நகர்ந்து வேலை செய்கின்றனர். அறுத்த கல்லைச் சுமப்பவர்கள் தலைச்சுமையோடு நடக்கின்றனர். பழவேற்காடு ஏரியில் இருளர் பெண்கள் ஆழமில்லாத நீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் இடுகின்றனர். பொன்னேரிப் பக்கத்து வயல்களில் களையெடுப்பும் குனிந்தும் குந்தியும் செய்யும் வேலையே.

சமதளத்தில் நடக்கும்போதே முழங்கால் மூட்டின் மீது உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை விழுகிறது. படியேறும்போதும் குந்தி எழும்போதும் அது இன்னும் கூடும். இந்தியாவில் ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ. வளர்ந்த ஆண் ஒருவர் வழக்கமாகக் கையால் சுமக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. மூட்டைச் சுமை அந்த எல்லைக்கு அருகிலேயே இருக்கிறது.

முழங்காலிட்டும் குந்தியும் செய்யும் தொழில்களில், குறிப்பாக அவற்றோடு பாரம் தூக்குதலும் சேரும்போது, முழங்கால் தேய்மானம் மிகுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பெய்ஜிங் முதியோரிடம் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், இளவயதில் நாள்தோறும் நெடுநேரம் குந்தியிருந்தவர்களுக்கு இந்நோய் அதிகம் காணப்பட்டது. சாப்பிடவும் கழிப்பறையிலும் சிறிது நேரம் குந்துவதை இதனோடு சேர்த்துப் பார்க்கத் தேவையில்லை. வேறுபாடு கால அளவிலும், இடையில் எழுந்து நடக்கும் வாய்ப்பிலும் இருக்கிறது.

அந்த வாய்ப்பைத் தொழிலாளி தானே உருவாக்கிக்கொள்ள முடியாத இடங்களில் சட்டம் தேவையாகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், நின்றபடி வேலை செய்வோர் இடையில் கிடைக்கும் நேரத்தில் ஓய்வெடுக்க இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று 44-ஆவது பிரிவும், காயம் விளைவிக்கக்கூடிய அளவு பாரத்தைத் தூக்கச் செய்யக் கூடாது என்று 34-ஆவது பிரிவும் கூறின. கடை ஊழியர்களுக்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2021-இல் நிறைவேற்றியது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுவதும் நின்ற ஊழியர்களின் கால்வலியே அதன் பின்னணி. நாற்காலி ஒன்றை வைப்பது எளிய ஏற்பாடாகத் தோன்றலாம். குருத்தெலும்பின் நோக்கில், அழுத்தப்பட்ட திசு மீண்டும் நீரை ஏற்றுக்கொள்ளும் நேரத்தை அது தருகிறது.

சரிசெய்யும் முயற்சிகள்

எலும்பில் சிறு துளைகளிட்டு மஜ்ஜைச் செல்களை வரவழைக்கும் நுண்துளை அறுவை முறையில் தழும்பு போன்ற இழைக் குருத்தெலும்பே பெரும்பாலும் உருவாகிறது. அது அசலைப் போல நீண்ட காலம் உழைப்பதில்லை. சுவீடனில் பிரிட்பெர்க், பீட்டர்சன் ஆகியோர் நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, பழுதுற்ற இடத்தில் மீண்டும் வைக்கும் முறையை 23 பேரிடம் செய்து, 1994-இல் முடிவுகளை வெளியிட்டனர். இம்முறை இந்தியாவிலும் கிடைக்கிறது. விபத்தில் ஏற்பட்ட, எல்லை தெளிவான பழுதுகளுக்கே இது பொருந்தும். மூட்டு முழுதும் பரவிய தேய்மானத்துக்கு அன்று.

செல்களைப் பெருக்கும்போது அவற்றின் இயல்பு மாறாமல் காப்பதே இங்குள்ள முதன்மைச் சிக்கல். சென்னையில் இயங்கும் நிச்சி-இன் மறுஉருவாக்க மருத்துவ மையம், ஜப்பானிய ஆய்வாளர்களுடன் இணைந்து, குளிர்ந்தால் நீர்மமாகவும் சூடேறினால் கூழாகவும் மாறும் பலபடிப் பொருளில் மனிதக் காண்ட்ரோசைட்டுகளை வளர்த்து, அச்சூழலில் அவை ஹையலூரோனிக் அமிலத்தை மிகுதியாக வெளிப்படுத்துவதை ஆராய்ந்துள்ளது.

இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் குளுக்கோசமைனும், விலங்குக் குருத்தெலும்பிலிருந்து எடுக்கப்படும் காண்ட்ராய்டினும் மாத்திரைகளாக விற்கப்படுகின்றன. தளப்பொருளின் கூறுகளை உண்டால் தளப்பொருள் வளரும் என்ற எண்ணமே இவற்றின் அடிப்படை. அமெரிக்காவில் 1,583 முழங்கால் நோயாளிகளிடம் நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில், இவை மொத்தத்தில் போலி மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு வலியைக் குறைக்கவில்லை. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி குறுகிய காலத்துக்கு வலியைத் தணிக்கும். ஆனால் 12 வாரங்களுக்கு ஒருமுறை என இரண்டாண்டுகள் தொடர்ந்து போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு இழப்பு கூடுதலாக இருந்ததையும், வலியில் வேறுபாடு இல்லாததையும் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தேய்மானம் முற்றிய நிலையில் மூட்டு மாற்று அறுவையே பயனுள்ள வழி.

பாதுகாப்பு

புதுப்பிக்க இயலாத வலையையும் எளிதில் பெருகாத செல்களையும் காப்பதே மூட்டு நலத்தின் அடிப்படை. அதற்கு உதவும் வழிகள் பின்வருமாறு:

- உடல் எடையைக் கட்டுக்குள் வைத்தல். எடை 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீதான விசை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது.
- தொடைத் தசைகளை வலுப்படுத்துதல். வலுவான தசை விசையின் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கிறது. தேய்மானம் தொடங்கியவர்களுக்கும் நடையும் பயிற்சியும் வலியைக் குறைக்கின்றன. முழு ஓய்வு தசையை மெலியச் செய்கிறது.
- ஒரே நிலையில் நீடிக்காமை. நின்று வேலை செய்வோர் இடையிடையே உட்காரவும், குந்தி வேலை செய்வோர் எழுந்து சிறிது நடக்கவும் வேண்டும். மனைக்கட்டை, உயர்த்திய மேடை, தள்ளுவண்டி போன்றவை மடிப்பையும் சுமையையும் குறைக்கும்.
- காயத்தை அலட்சியம் செய்யாமை. முழங்கால் தசைநார் அறுந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் தேய்மானம் தோன்றுவது அறியப்பட்டுள்ளது.
- வீக்கம், பூட்டிக்கொள்ளுதல், இரவில் நீடிக்கும் வலி ஆகியவை இருந்தால் மருத்துவரை அணுகுதல்.

இவற்றில் எடையும் பயிற்சியும் தனிமனிதரின் கையில் உள்ளவை. வேலை நேரமும் இருக்கையும் சுமையின் அளவும் வேலை தருபவரின் கையில் உள்ளவை. 25 வயதில் சூளையிலோ ஆலையிலோ சேரும் ஒருவரின் முழங்கால், 45 வயதிலும் அவருக்குச் சோறு போட வேண்டும். வலி தெரியாத அந்த இருபது ஆண்டுகளே குருத்தெலும்பைக் காக்கக் கிடைக்கும் காலமாகும்.